பறவைக்கு எண்ணத் தெரியாது

'பொறுமை சார்' என்பது மாணவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். முப்பது வருடமாகக் கல்லூரியில் புகைப்பட வகுப்பு எடுத்தவர்; "பொறுமைதான்யா பாதி லென்ஸு" என்று சொல்லாத நாள் கிடையாது. சொல்லும்போதே சாவிக்கொத்தைச் சுழற்றுவார், மூன்று முறை கடிகாரம் பார்ப்பார். ஆறும்வரை பொறுக்காமல் டீயில் நாக்கைச் சுட்டுக்கொள்கிற மனிதர். முதலில் கல்யாணப் படம்தான் எடுத்துக்கொண்டிருந்தாராம். மாப்பிள்ளை வீட்டாரைவிடப் பறவைகள் சொன்ன பேச்சு கேட்கும் என்று தெரிந்ததும் காட்டுப் பக்கம் போய்விட்டார்.

இது ஓய்வு பெறும் மாதம். கல்லூரியில் அவர் படங்களின் கண்காட்சி. நாற்பது படம் மாட்டியாயிற்று. வாசலுக்கு எதிர்ச்சுவர் மட்டும் காலி. அங்கே மீன்கொத்தி குஞ்சுக்கு மீன் ஊட்டும் படம் வரும் என்று கண்டவரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். வாய்க்கால் கரைப் பொந்தில் குஞ்சுகள் வாசல்வரை வந்து வாயைப் பிளக்கின்றன. இரண்டு நாளில் பறந்துவிடும்.

இந்தத் தொழிலில் ஒரு சூட்சுமம் உண்டு. மறைந்திருக்கும் துணிக் கூடாரத்துக்குள் ஆள் நுழைவதைப் பார்த்துவிட்டால் பறவை அண்டாது. இரண்டு பேர் நுழைந்து ஒருவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டால், இடம் காலி என்று நம்பிவிடும். பறவைக்கு எண்ணத் தெரியாது. மூன்று மணி நேரம் கழித்துப் போனவரே வந்து உள்ளே இருப்பவரைக் கூட்டிப்போக வேண்டும். இத்தனை வருடமும் போகிற ஆள், அவர் மனைவி.

அன்று விடிகாலையில் அந்த அம்மாள் செருப்பு போடாமல், கண்காட்சி அழைப்பிதழோடு நின்றார்.

"'முப்பது ஆண்டு தன்னந்தனித் தவம்'. யாருங்க இதை எழுதினது?"

"காலேஜ்ல போட்டிருப்பாங்க. வெளிச்சம் போகுது, கெளம்பு."

"உங்க கையெழுத்துல இதே வரி டிராயர்ல கெடக்கே?"

அவர் அவசரமாக டீயைக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

"வரேன். ஆனா இன்னைக்கு உள்ள நான். போறது நீங்க."

"விளையாடறியா? கேமரா பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"பட்டனை அமுக்கணும். மிச்சமெல்லாம் பொறுமைன்னு நீங்கதானே சொல்றீங்க?"

வேறு வழியில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் வாய்க்கால்வரை வாயை மூட மாட்டார்.

கூடாரத்துக்குள் கேமராவை நிறுத்திக்கொடுத்துவிட்டு நடந்தார். பிடரி அரித்தது. எப்படியோ திரும்பாமல், மனைவி வழக்கமாகக் காத்திருக்கும் முக்குச் சைக்கிள் கடைப் பெஞ்சுவரை வந்துவிட்டார்.

"என்ன சார், இன்னைக்கு அக்காவை உள்ள வச்சுப் பூட்டிட்டீங்களா?" என்றான் மெக்கானிக்.

உட்கார்ந்தார். எழுந்தார். ஒரு பழைய சைக்கிள் மணியை எடுத்து அடித்துப் பார்த்தார். கூடாரத்துக்குள் இருக்கும்போதெல்லாம், வெளியே தலை காட்டினால் படம் போய்விடுமே என்ற பயம் அவரைக் கட்டிப்போட்டிருந்தது. இங்கே கட்டிப்போட ஒன்றுமில்லை.

"மணியை விடுங்க சார், காது போகுது. அக்கா ஒரு நட்டைத் தொடாது."

"சும்மாவா உக்காந்திருப்பா?"

"எங்க சும்மா? வாட்சையே பாத்துட்டிருக்கும். லேட்டானா உங்களுக்குக் கால் மரத்துப்போகுமாம்."

அவர் மணியைக் கீழே வைத்தார். ஃபோகஸ் தப்பியிருக்குமோ? ஐம்பதாவது நிமிடம் கிளம்பிவிட்டார்.

"சார், இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு!"

கரையேறியதுதான் தாமதம், நீலமாக ஒன்று கிறீச்சிட்டுப் பறந்தது. அலகில் மீன் இருந்தது.

அந்த அம்மாள் கூடாரத்திலிருந்து வந்தார். பொறுமை சார் கேமராவைப் பிடுங்கிப் பார்த்தார். ஓரத்தில் நீலக் கோடாகப் பறவை. நடுவில், கையில் செருப்போடு ஓடிவரும் ஓர் ஆள்.

"ஆடிப்போயிருக்கு" என்றார்.

"நீங்க நின்னாத்தானே?"

மறுநாள் விடிவதற்குள் அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "இன்னைக்கும் உள்ள நீயே இரு."

"அப்ப வாட்சைக் கழட்டுங்க. நேரம் மெக்கானிக் தம்பி சொல்லும்."

பெஞ்சில் உட்கார்ந்து, அழைப்பிதழில் 'தன்னந்தனி'யைப் பேனாவால் அடித்தார். மேலே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டார்.

"தம்பி, ரெண்டு மணி நேரம் ஆயிருக்குமா?"

"இருபது நிமிஷம் ஆச்சு சார்."