ஊதா விரல்

மெஹபூப் பாஷாவுக்கு அன்று வேலை போயிருக்க வேண்டும். மயிலாப்பூரில் பதினாறு வீடுகள் உள்ள ஒரு ஃபிளாட்டில் அவர் வாட்ச்மேன். அங்கே குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஸ்ரீரங்கனுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்திருந்தது. 'பதவியை விட்டு இறங்கு. இல்லாவிட்டால் நடப்பதே வேறு.' கம்ப்யூட்டரில் அடித்த எழுத்து. போன வாரம்தான் பாஷாவின் நாற்காலியைப் பிடுங்கி, நின்றுகொண்டே காவல் காக்கச் சொல்லியிருந்தார் ஸ்ரீரங்கன். வேறு யார் எழுதியிருப்பார்கள்?

"அந்தப் பேப்பர நான் தொட்டதே இல்ல சார். எங்க வேணா வந்து சொல்றேன்" என்றார் பாஷா.

அதனால்தான் தி.நகரில் இந்தத் தனியார் தடயவியல் கூடம். புடவைக் கடைக்கும் அப்படியே போகலாம் என்று ஸ்ரீரங்கனின் மனைவி காமாக்ஷியும் வந்திருந்தாள்.

கூடத்தை நடத்தும் வைதேகி கடுதாசியின் மேல் நின்ஹைட்ரின் என்ற மருந்தைத் தெளித்தாள். "வியர்வை பட்ட இடமெல்லாம் ஊதாவா மாறும்."

காமாக்ஷி நிமிர்ந்தாள். "பேப்பர்லகூடவா ரேகை விழும்? டம்ளர்லதான் விழும்னு நெனைச்சேன்."

"பேப்பர்லதான் வருஷக்கணக்கா இருக்கும்."

"என் ரேகை இருக்காது. இடுக்கியாலதான் எடுத்தேன்" என்று ஸ்ரீரங்கன் பெருமையாகச் சொன்னார்.

வைதேகி நீராவி இஸ்திரிப் பெட்டியைக் காகிதத்தின் மேல் படாமல் பிடித்தாள். ஒரு பெருவிரல் வந்தது. பிறகு நான்கு விரல்கள், ஊதாவில், பளிச்சென்று.

"பாத்தியா? பெட்டியக் கட்டு பாஷா!" என்று ஸ்ரீரங்கன் துள்ளினார்.

"இன்னும் ஒப்பிடவே இல்லையே சார்" என்று வைதேகி லென்ஸை எடுத்தாள்.

"லென்ஸ் வேண்டாம்மா" என்றாள் காமாக்ஷி. "அது என் கைதான்."

இஸ்திரிப் பெட்டி மட்டும் புஸ்ஸென்றது.

"ஏன்னா, உங்கள ஆத்துல பாத்தே மூணு வருஷமாறது. மோட்டார், மீட்டிங், தண்ணி லாரி. வாயால சொன்னேன், கேட்டேளா? பாஷா மேல பழி விழும்னு நெனைக்கல. மன்னிச்சுக்கோப்பா."

பாஷாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வைதேகியும் சிரித்துவிட்டாள். நம்ப முடியாத ஸ்ரீரங்கன் அந்த ஊதா ரேகையை விரலால் அழுத்தித் தேய்த்தார்.

"தொடாதீங்க சார்! மருந்து உங்க வியர்வையிலயும் ஊதாவாகும்!"

கேட்கவில்லை. மறுநாள் அவர் விரல் நுனி ஊதாவாகிவிட்டது. சோப்பு, எலுமிச்சை, எதற்கும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்த விரலோடுதான் ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு அவரே நாற்காலியைத் தூக்கி வந்து கேட்டருகில் வைத்தார்.

பாஷா காலை நீட்டி உட்கார்ந்தார். "இன்னா சார், எலெக்ஷனே இல்ல, வெரல்ல மை கீது?"

மாடியிலிருந்து காமாக்ஷி சிரிப்பது தெருமுனை வரை கேட்டது.