விட்டுப்போன ‘வே’

நாற்பத்து மூன்று வயதில், தலை பாதி நரைத்த பிறகு, ஒருத்தி நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடப்போகிறேன் என்று வந்து நின்றால் வீட்டில் என்ன சொல்வார்கள்? அவளுடைய அண்ணன் கேட்டது ஒன்றுதான். “ஏன் வாண்டு, பஸ் ஓடலையா?”

வாண்டு என்று கூப்பிட அண்ணனுக்கு மட்டும்தான் உரிமை. சீருடை தைக்கும் தொழிற்சாலையில் அவள் கட்டிங் மாஸ்டர். நாற்பது அடுக்குத் துணியை மேசையில் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, மொத்தமாக வெட்டுகிற வேலை. அங்கே ஒரு நூல் பிசகினால் நாற்பது சட்டைக்கும் கை கோணிக்கொள்ளும். பிசகு என்றாலே அவளுக்கு ஆகாது. பிசகைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போகிறவர்களைக் கண்டால் சுத்தமாக ஆகாது.

ஓடக் கிளம்பியது அண்ணனுக்காகத்தான். அவருடைய சிறுநீரகம் இரண்டும் வேலைநிறுத்தம் அறிவித்து மூன்று வருடம் ஆகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். வார்டில் மொத்தம் நான்கு மெஷின். அதில் ஒன்று பழுதாகி மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. மிச்சமிருந்த மூன்றுக்கு அடிதடி. நான்கு மணி நேரம் ஓட வேண்டியதை மூன்று மணி நேரத்தில் நிறுத்தி, அடுத்த ஆளை உட்கார வைத்தார்கள். நர்சுகளைக் குற்றம் சொல்லி என்ன பயன், அவர்களும் இருப்பதை வைத்துத்தானே பங்கு போட முடியும்? அண்ணன் கால் வீங்கி, மூச்சு வாங்க வீடு வந்து சேர்வார். “இன்னைக்கும் அரைச் சலவைதான்” என்பார். அதைக் கேட்டு அவரைத் தவிர யாருக்கும் சிரிப்பு வராது.

இந்த நேரத்தில்தான் நோயாளிகளுக்கு உதவும் அறக்கட்டளை ஒன்று மாரத்தான் நடத்துவதாக அறிவித்தது. ஓடுகிறவர் தனக்கு ஆதரவு தர ஆள் பிடிக்க வேண்டும். சேருகிற பணம் அந்த வார்டுக்கு. மாஸ்டர் அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டாள்.

முதல் நாள் தொழிற்சாலை மதிலைச் சுற்றி ஒரு சுற்று ஓடுவதற்குள் விலாவில் பிடித்துக்கொண்டது. வாசல் காவலாளி எழுந்து ஓடி வந்து, “யாராவது துரத்துறாங்களாம்மா?” என்று கேட்டார். இரண்டாவது மாதத்தில் சுற்றுகளை எண்ணுவதை விட்டுவிட்டாள். நான்காவது மாதத்தில் இரண்டு கால்விரல் நகங்கள் கறுத்து விழுந்தன. விடியற்காலையில் ஓடிவிட்டு, எட்டு மணிக்கு வெட்டு மேசையில் போய் நின்றால் முழங்கால் தனியாக அழும். ஆஸ்பத்திரி இல்லாத நாட்களில் அண்ணன் கையில் கடிகாரத்தோடு மதிலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். மடியில் அச்சுத் தாள்கள் இருக்கும். ஒரு கண் தாளில், ஒரு கண் தங்கை மேல்.

“முந்தாநாளைவிட ரெண்டு நிமிஷம் கம்மி. ஆனா ஓடுறப்ப மூஞ்சியை ஏன் அப்படி வச்சிருக்கே? யாரையோ அடிக்கப் போற மாதிரி இருக்கு.”

ஓட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு சாயங்காலம் அண்ணி வேலையிலிருந்து வந்து கைப்பையைச் சோபாவில் வீசினாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். வீசி எறிகிற ஆள் இல்லை.

“எனக்கு ஒண்ணு தெரியணும். நான் எப்போ தாலியறுத்தேன்?”

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணி நிறுத்தவில்லை. “காலையில போனா ஒருத்தரும் முகத்தைப் பார்க்க மாட்டேங்கறாங்க. தலைமையாசிரியை வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘எப்போம்மா ஆச்சு, சொல்லவே இல்லையே’ங்கறாங்க. எனக்குத் தலையும் புரியலை, காலும் புரியலை. அப்புறம் வாசல்ல ஒட்டியிருக்கற இதைக் காட்டினாங்க.” பைக்குள்ளிருந்து கிழிந்த போஸ்டர் ஒன்று வெளியே வந்தது. சுவரிலிருந்து அவளே பிய்த்து எடுத்திருக்கிறாள்.

போஸ்டரில் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் கறுப்புக் கட்டம். கீழே ஒரு மெழுகுவர்த்தி. அதற்கும் கீழே: “என் அண்ணன் நினைவாக ஓடுகிறேன்.”

அண்ணன் போஸ்டரை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்தார். பழக்க தோஷம், கை தானாகச் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவைத் தேடியது. “நீ என்ன எழுதிக் குடுத்தே?”

யாருக்காக ஓடுகிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதி, அவர் படத்தையும் இணைக்கச் சொல்லியிருந்தார்கள். மாஸ்டர் மனசில் பட்டதை எழுதினாள். ‘எப்போதும் என் அண்ணன் நினைவாகவே ஓடுகிறேன்.’ ஓடும்போது வேறு எந்த நினைப்பும் அவளுக்கு வந்ததில்லை. அதுதானே உண்மை?

“நீளமா இருக்குன்னு ‘எப்போதும்’ போச்சு. கூடவே ‘வே’யும் போச்சு” என்றார் அண்ணன். “ஒரு எழுத்து விட்டுப்போனதுல ஆளே போயிட்டேனே! முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் பிழை பார்த்தவன், என் சாவே அச்சுப் பிழையா வந்து நிக்குது.” சிரிக்க ஆரம்பித்தவருக்கு மூச்சு வாங்கிவிட்டது. அண்ணி சிரிக்கவே இல்லை. தண்ணீரை அளந்து ஊற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் மாஸ்டர் வேலைக்கு அரை நாள் மட்டம் போட்டுவிட்டு அறக்கட்டளைக்குப் போனாள். செயலாளர் சிரித்த முகத்தோடு எழுந்து நின்று வரவேற்றார். எதற்கும் கோபப்படாத மனிதர். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் நமக்குத்தான் ரத்தக்கொதிப்பு வரும்.

“எங்க அண்ணன் உயிரோட இருக்கார்” என்றாள்.

“அப்படியா! ரொம்ப சந்தோஷம்” என்றார் அவர். ஏதோ பரீட்சையில் பாஸாகிவிட்டார் என்று சொன்ன மாதிரி.

“சந்தோஷம் இருக்கட்டும். போஸ்டரை எடுங்க. மாத்திப் போடுங்க.”

“உட்காருங்கம்மா. நடந்தது தப்புதான், இல்லைங்கலை. ஆனா ஒண்ணு பாருங்க. மத்தவங்களுக்கெல்லாம் ஆதரவு சொட்டுச் சொட்டா வருது. உங்களுக்கு மட்டும் கொட்டுது. பெயிண்ட் கம்பெனி முதலாளி ஒருத்தர் போஸ்டரைப் பார்த்துக் கண் கலங்கி, நீங்க ஆறு மணி நேரத்துக்குள்ள ஓடி முடிச்சா ஒரு முழு மெஷினே வாங்கித் தர்றேன்னு எழுதிக் குடுத்துட்டார். இப்போ போய் ‘ஆள் இருக்கார்’னு சொன்னா, ஏமாத்திட்டாங்கன்னு நினைச்சா?”

“அப்போ எங்க அண்ணனை என்ன பண்ணச் சொல்றீங்க?”

“ஒண்ணும் பண்ண வேண்டாம். மூணு வாரம்தானே? ஓட்டம் முடியட்டும், பக்குவமா சொல்லிக்கலாம்.”

மூன்று வாரத்துக்குச் செத்திருக்கச் சொல்கிறார், அதுவும் பக்குவமாக! மாஸ்டருக்கு வந்த ஆத்திரத்தில் மேசை மேலிருந்த பேனா ஸ்டாண்டைத் தூக்கி அடித்திருப்பாள். அடிக்கவில்லை. ஒரு முழு மெஷின் என்ற சொல் கையைக் கட்டிப்போட்டது.

வீட்டில் அண்ணன் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். “எனக்குப் பக்கத்து நாற்காலியில டயாலிசிஸுக்கு வர்ற டிரைவருக்குப் போன வாரம் பாதியில நிறுத்திட்டு அனுப்பினாங்க. வாசல்லயே சுருண்டு விழுந்துட்டார். மெஷின் வந்தா போதும் வாண்டு. மூணு வாரம் செத்துக் கிடந்தா எனக்கென்ன குறைஞ்சு போச்சு?”

“அண்ணிக்குக் குறையும்” என்றாள் அவள்.

அண்ணன் உள்ளறைக் கதவை ஒரு முறை பார்த்தார். ஆனால் சொன்ன பேச்சை மாற்றவில்லை. அந்த மூன்று வாரமும் அண்ணி பள்ளிக்கூடத்தில் யார் அனுதாபம் சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். மாஸ்டர் அதையெல்லாம் விழுங்கிக்கொண்டு ஓடினாள். கோபத்தில் ஓடினால் கால் வலி தெரியாது என்பது அவள் கண்டுபிடித்த ஒன்று.

ஓட்டத்தன்று காலை ஆறு மணிக்கு விசில் அடித்தார்கள். முதல் பத்து கிலோமீட்டர் பேச்சும் சிரிப்புமாகப் போயிற்று. இருபதில் வெயில் ஏறியது. முப்பதில் தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. பக்கத்தில் ஓடிய ஒரு பெண், மாஸ்டரின் பனியன் முதுகில் அச்சடித்திருந்த போஸ்டர் வரியைப் படித்துவிட்டு, “உங்க அண்ணன் மேல இருந்து பார்த்துக்கிட்டு இருப்பாருங்க” என்றாள்.

“இல்லைங்க. முடிவுக் கோட்டுக்கிட்ட நாற்காலி போட்டுப் பார்த்துக்கிட்டு இருக்கார்” என்றாள் மாஸ்டர். அந்தப் பெண் பயந்து போய் வேகத்தைக் கூட்டினாள்.

கடைசி வளைவில் திரும்பும்போது தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் அண்ணி நின்றிருந்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூடவே ஓடி வந்தாள்.

“உங்க அண்ணனைக் காணோம்னு தேடாதே. உள்ள உட்கார வச்சுட்டாங்க.”

“எங்க?”

“கூடாரத்துக்குப் பின்னாடி, தண்ணி கேன் அடுக்கியிருக்கற இடத்துல. முதலாளி வந்திருக்காராம். அவர் கண்ணுல பட வேண்டாமாம். ‘கொஞ்ச நேரம்தான் சார்’னு நாற்காலியோட தூக்கிட்டுப் போனாங்க.”

மாஸ்டருக்குத் தலைக்குள் ஏதோ அறுந்தது. ஐந்து மாதம் அந்த மனிதர் மதிலோரம் உட்கார்ந்து நிமிடம் எண்ணினார். தங்கை ஓடி முடிப்பதைப் பார்க்கக் கூடாதாம். தண்ணீர் கேனோடு கேனாக உட்கார வேண்டுமாம், அதுவும் கேனிலிருந்து ஒரு டம்ளருக்கு மேல் குடிக்கக் கூடாத ஆள்!

முடிவுக் கோடு தெரிந்தது. மேலே ஓடிய நேரத்தைக் காட்டும் பெரிய கடிகாரம்: ஐந்து மணி நேரம் ஐம்பத்து நான்கு நிமிடம். ஒலிபெருக்கி முழங்கியது. “இதோ வந்துவிட்டார்! மறைந்த தன் அண்ணனின் நினைவாக...”

கோட்டுக்கு ஓரடி முன்னால் மாஸ்டர் நின்றுவிட்டாள்.

கைதட்டல் பிசுபிசுத்துப் போனது. மயக்கம் என்று நினைத்து ஒருவர் தண்ணீரோடு ஓடி வந்தார். செயலாளர் அதைவிட வேகமாக ஓடி வந்தார்.

“அம்மா, ஒரு அடிதாம்மா! தாண்டுங்க!”

“எங்க அண்ணனைக் கூட்டிட்டு வாங்க.”

“அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. மெஷின் போயிடும்மா!”

“தெரியும். ஆளைக் கூட்டிட்டு வாங்க.”

நின்றதும் இத்தனை நேரம் தெரியாத வலியெல்லாம் மொத்தமாக வந்து ஏறியது. மெஷின் போனால் அண்ணனே மன்னிக்க மாட்டார், டிரைவருக்கு என்ன பதில் சொல்வது? தெரிந்துதான் நின்றாள். ஐம்பத்தாறு. அவள் அசையவில்லை. சத்தம் கேட்டோ என்னவோ, கூடாரத் துணியை விலக்கிக்கொண்டு அண்ணன் அவராகவே வந்தார். அண்ணி ஒரு தோளைத் தாங்கியிருந்தாள். அறிவிப்பாளர் பேயைக் கண்டவரைப் போல முழித்தார். அண்ணன் அவர் கையிலிருந்த மைக்கை மெதுவாக வாங்கினார்.

“மறைந்த அண்ணன் நான்தாங்க” என்றார். “ஆனா நானா மறையலை. கூடாரத்துக்குப் பின்னாடி மறைச்சு வச்சிருந்தாங்க.”

கூட்டம் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றது. முன்வரிசையில் பெயிண்ட் கம்பெனி முதலாளி எழுந்துவிட்டார். அண்ணன் அவரைப் பார்த்தே பேசினார். மூச்சு வாங்கியது, ஆனால் ஒரு சொல்லும் சிதறவில்லை.

“ஐயா, போஸ்டர்ல பிழை வந்துடுச்சு. நானும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன், அது என் தப்பு. நீங்க நல்ல மனசோட மெஷின் தர்றதா சொன்னீங்க. செத்தவனுக்கு எதுக்குங்க மெஷின்? இருக்கிறவனுக்குத்தானே வேணும்?”

பிறகு மைக்கை இறக்காமலே திரும்பினார். “ஐம்பத்தெட்டு ஆச்சு. என்ன வேடிக்கை பார்க்கறே? தாண்டு!”

மாஸ்டர் தாண்டினாள். நேராகப் போய் அண்ணன் மேல் சாய்ந்தாள். மூன்று பேரும் சேர்ந்து விழாமல் நின்றதே பெரிய காரியம். முதலாளி வந்து அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். விடவே இல்லை. “மெஷின் வரும்” என்றார். “அடுத்த மாசமே வரும்.” அப்புறம் செயலாளர் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அதில் சிரிப்பு கிடையாது.

செயலாளர் அசரவில்லை. கேமராக்காரரைக் கையோடு இழுத்து வந்துவிட்டார். “அருமைம்மா, இதைவிட அருமையா அமையாது. நாலு பேரும் இப்படிச் சேர்ந்து நில்லுங்க, ஒரு படம்.”

மாஸ்டர் அண்ணனிடமிருந்து மைக்கை வாங்கி அவர் கையில் திணித்தாள்.

“முதல்ல எங்க அண்ணிகிட்ட மன்னிப்புக் கேளுங்க. ஊரைக் கூட்டி அவங்களை விதவையாக்கினீங்க இல்ல, இதையும் ஊர் கேட்கட்டும்.”

அண்ணி செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டு, அவருக்கு நேராக வந்து நின்றாள். அவர் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். கேமராக்காரர் படம் எடுக்க ஆரம்பித்தார்.