நட்சத்திரம் போட்ட கட்டம்

நல்லவர்கள் செய்கிற கெடுதலுக்கு மருந்து கிடையாது. கெட்டவன் வந்தால் வாசலிலேயே நாய் குரைத்துவிடும். நல்லவனோ வணக்கம் சொல்லி நேராக உள்ளே வந்து, குடியைக் கெடுத்துவிட்டு, சிரித்த முகத்தோடு விடைபெற்றுப் போவான். அன்று மத்தியானம் மூத்தவளின் கணினிக்கு வந்த குறிப்பும் அப்படி ஒரு நல்லவன் எழுதியதுதான்.

மூத்தவள் என்றால் அந்த வீட்டின் மூத்த மருமகள். பெண்கள் நலத்துக்கான ஒரு சின்ன அறக்கட்டளையில் புள்ளிவிவரம் பார்க்கிறாள். கேள்விகளைக் கைப்பேசிக்கு அனுப்பிப் பதில் வாங்குவதும், வாங்கியதைக் கூட்டிப் பிரித்து அட்டவணை போடுவதும் அங்கே இலவச மென்பொருளில்தான். எங்கெங்கோ இருப்பவர்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே திறந்து பாருங்கள், தப்பிருந்தால் சொல்லுங்கள் என்று இணையத்தில் போட்டு வைத்தவை. ஊரார் உழைப்பையே தின்றுகொண்டிருக்கிறோமே, நாமும் ஒன்று கொடுப்போம் என்று அவளும் ஒரு சின்னக் கருவி எழுதிப் போட்டாள். அதற்கு 'மூடி' என்று பெயர் வைத்தாள். அட்டவணையின் ஒரு கட்டத்தில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால், மூடி அந்த எண்ணை எடுத்துவிட்டு நட்சத்திரக் குறி போட்டுவிடும். ஆள் குறைந்தால் அது யார் என்று அக்கம்பக்கத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள் அல்லவா, அதற்குத்தான்.

குறிப்பு மூடியின் பொதுப் பக்கத்தில் வந்திருந்தது. 'அம்மா, உங்கள் கருவி அருமை. ஆனால் ஒரு ஓட்டை. உங்கள் அறக்கட்டளை வெளியிட்ட அட்டவணையையே உதாரணமாக எடுத்துக்கொண்டேன். ஏழாம் பகுதியில், கணவர் அடிக்கிறார் என்று சொன்னவர்கள் மொத்தம் முப்பத்தொரு பேர். எண் தெரிகிற வரிசைகளைக் கூட்டினால் முப்பது. ஆக, துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பெண்கள் என்ற வரிசையில் நட்சத்திரத்துக்குள் இருப்பது ஒன்று. அந்த வரிசையின் மொத்த ஆட்களையும் இதே மாதிரி கழித்துப் பார்த்தேன். அதுவும் ஒன்றுதான். சரிசெய்துவிடுங்கள்.' கீழே ஒரு சிரிக்கும் முகம் வேறு.

மூத்தவள் தாளில் கழித்துப் பார்த்தாள். சின்னப் பிள்ளை போடுகிற கணக்கு. இருந்தும் மறுபடி கழித்தாள், எண் மாறிவிடாதா என்று. ஏழாம் பகுதியில் கிரேன் ஓட்டும் பெண் ஒருத்திதான் இருக்கிறாள். மூத்தவள் வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறாள். அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, இளையவள்.

பயம் முதலில் வந்ததா, திகைப்பு முதலில் வந்ததா என்று சொல்ல முடியாது. கொழுந்தனா? அண்ணி அண்ணி என்று உயிரை விடுகிறவனா? இவளுடைய பழைய மடிக்கணினியைப் பிரித்துப் போட்டு உயிர் கொடுத்தவன். கடைக்குப் போனால் மாடிக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்காமல் போகமாட்டான். சாயங்காலமானால் கீழே தொலைக்காட்சிச் சத்தம் காதைப் பிளக்கும், அது ஒன்றுதான் அவன்மேல் இவளுக்கு இருந்த குறை. அந்தச் சத்தம் எதற்கு என்று இப்போது புரிந்தது.

கேள்வித்தாளை இளையவளுக்கு அனுப்பியதே இவள்தான். "பேர் கேட்கமாட்டோம், வீட்டு நம்பர் கேட்கமாட்டோம். பதில் சொன்னது நீன்னு எனக்கே தெரியாதுடி. சும்மா ரொப்பு," என்று சொன்னாள். இளையவள் சிரித்துக்கொண்டே சரி என்றாள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், கழித்துக் கண்டுபிடிக்க முடியாதபடி இன்னொரு கட்டத்தையும் சேர்த்து மறைக்கிற வழி மூடியிலேயே இருந்தது. அதையும் இவள்தான் எழுதினாள். ஆனால் அது வேலை செய்தால் நட்சத்திரங்கள் கூடிவிடும். "அட்டவணையா இது, பூச்சி அரிச்ச புடவையா?" என்று மேலாளர் அம்மா முகம் சுளித்தாள். அதனால், வேண்டுமென்று கேட்டால் மட்டும் அது வேலை செய்கிற மாதிரி மாற்றிவைத்தாள். இந்த அட்டவணைக்குக் கேட்க மறந்துவிட்டாள். ஊருக்கெல்லாம் பூட்டுச் செய்து கொடுத்தவள் தன் வீட்டைத் திறந்து போட்டுவிட்டு வந்த கதை.

அவசர அவசரமாக அந்தக் குறிப்பை அழித்தாள். அறக்கட்டளைப் பக்கத்திலிருந்து அட்டவணையை எடுத்தாள். மூச்சு விடலாம் என்று நிமிர்ந்தபோதுதான் திரையின் ஓரத்தில் இருந்த வரி கண்ணில் பட்டது. மூடியைப் பின்தொடர்பவர்கள். பக்கத்தில் யார் எதை எழுதினாலும் அவர்களுக்கு அந்த நிமிடமே மின்னஞ்சல் போய்விடும். இங்கே அழித்தால் அங்கே அழியாது. பட்டியலில் முதல் படம் கொழுந்தனுடையது. மூடி வெளிவந்த அன்றே வந்து சேர்ந்தவன். "எங்க அண்ணி எழுதினது," என்று நண்பர்களிடம் காட்டுவதற்காக.

அவன் உதிரிபாகக் கிடங்கில் இருப்புக் கணக்குப் பார்ப்பவன். இருந்தது இத்தனை, போனது இத்தனை, எங்கே ஒன்று குறைகிறது என்று நாள் முழுக்கத் தேடுவதுதான் அவன் பிழைப்பு.

இளையவளுக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கிரேன் கூண்டுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், கீழே பெட்டியில் வைத்துவிட்டுத்தான் ஏணி ஏற வேண்டும். 'வீட்டுக்குப் போகாதே, எனக்குப் பேசு' என்று செய்தி அனுப்பினாள். அனுப்பிய பிறகு, அவன் அவளுடைய போனைப் பார்ப்பானோ என்று தோன்றியது. அந்தச் செய்தியையும் அழித்தாள். கணவனுக்குப் போன் போட்டாள். வெளியூர் வேலைக்குப் போயிருந்த அவன், "மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசுறேன்," என்று வைத்துவிட்டான். கட்டிய புருஷன் எப்போது உதவியிருக்கிறான், அன்றைக்கு மட்டும் உதவ!

வாடகைக் காரில் துறைமுகத்துக்குப் போனாள். துறைமுகக் கதவுக்கு வெளியே மணல் பறந்துகொண்டிருந்தது. உள்ளே கிரேன்கள் கையைத் தூக்கிக்கொண்டு சும்மா நின்றன.

"காத்து அதிகமாயிருச்சும்மா. மேல ஏத்தமாட்டாங்க," என்றார் காவலாளி. "எல்லாரையும் அப்பவே அனுப்பிட்டாங்க. கம்பெனி பஸ் போயிருச்சே."

கம்பெனி பஸ் ஊரையெல்லாம் சுற்றிக்கொண்டு போகும். இளையவளின் போன் இன்னும் அணைந்தே இருந்தது. பஸ்ஸை முந்திவிடலாம் என்று அதே காரில் திரும்பினாள். வழியெல்லாம் வேண்டாத தெய்வமில்லை. அவன் கிடங்கில் இருக்க வேண்டும். வேலை தலைக்குமேல் இருக்க வேண்டும். மின்னஞ்சலைத் திறக்காமல் இருக்க வேண்டும்.

கீழ்த்தளத்துக் கதவு திறந்திருந்தது. கொழுந்தன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். எதிரே போன், ஒரு தாள், பேனா.

"வாங்க அண்ணி. என்ன இவ்வளவு சீக்கிரம்?"

"தலைவலி. நீங்க?"

"எனக்கும் அப்படித்தான்," என்று சிரித்தான். "உட்காருங்க. உங்க மூடியில ஓட்டையாமே? மெயில் வந்துச்சு. பக்கத்துல போய்ப் பார்த்தா காணோம். அழிச்சிட்டீங்களா?"

மூத்தவள் உட்கார்ந்தாள்.

"நானும் கழிச்சுப் பார்த்தேன் அண்ணி. முப்பத்தொண்ணுல முப்பது போனா ஒண்ணு. சரிதானே?" குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. "கிரேன் ஓட்டுற பொம்பளை இந்தப் பகுதியில எத்தனை பேர் இருக்காங்க?"

பொய் சொல்ல அவள் யோசிக்கவே இல்லை. அதுவாக வந்தது.

"அட, அதுவா? அது ஆளே இல்லை. சோதனைக்காக நான் போட்ட வரிசை. கருவி சரியா மறைக்குதான்னு பார்க்க நானே ஒரு பதிலை ரொப்பினேன். எடுக்க மறந்துட்டேன்."

"நீங்களே ரொப்பினீங்களா?"

"ஆமா."

"கிரேன் ஓட்டுற பொம்பளைன்னு?"

"வீட்டுலயே ஒருத்தி இருக்காளே, சட்டுனு அதுதான் ஞாபகம் வந்துச்சு."

"புருஷன் அடிக்கிறான்னு?"

"ஏதாவது ஒண்ணைத் தொடணும்ல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று அவளுக்கே தெரிந்தது. அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு போனை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினான்.

"அப்ப அதை எழுதிடுங்க அண்ணி. எத்தனை பேருக்கு மெயில் போயிருக்கோ. நாளைக்கு நாலு பேர் என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது பாருங்க."

தன் போனை எடுத்து எழுதினாள். 'ஏழாம் பகுதியின் கிரேன் வரிசை உண்மையான பதில் அல்ல. சோதனைக்காக நானே இட்டது. தவறுக்கு வருந்துகிறேன்.' கீழே அவள் பெயர். புள்ளிவிவரக்காரிக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. பதிலை இட்டுக்கட்டினேன் என்று தானே ஒப்புக்கொண்டவளின் அட்டவணையை இனி எவன் நம்புவான்? போகட்டும். அவளுக்கு இளையவளின் உடம்பில் ஒரு கீறல் விழக்கூடாது, அவ்வளவுதான். பொத்தானை அழுத்தினாள். அடுத்த நொடி அவன் போன் ஒலித்தது. மின்னஞ்சலைத் திறந்து வரிக்கு வரி படித்தான்.

"நல்லா இருக்கு," என்றான்.

வாசலில் பஸ் நின்று புறப்படும் சத்தம். இளையவள் பாதுகாப்புத் தொப்பியும் பையுமாக உள்ளே வந்தாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள்.

"என்னக்கா? யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்லடி," என்று மூத்தவள் அவசரமாக எழுந்தாள். "நீ மாடிக்கு வா, ஒரு வேலை இருக்கு."

"இரு, இதைப் படிச்சிட்டுப் போ," என்றான் அவன். "உன்னைப் பத்தித்தான் உலகமே பேசுது." போனை நீட்டினான். நல்லவனின் மின்னஞ்சல், அதன்கீழே அண்ணியின் மறுப்பு.

இளையவள் நின்றபடியே படித்தாள். மூத்தவள் கண்ணால் கெஞ்சினாள். ஒன்றும் சொல்லாதே, தலையை ஆட்டு, போதும். இளையவள் அதைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள் என்பதும் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் மறுபடி போனைப் பார்த்தாள்.

"இதை நீங்களா எழுதினீங்க அக்கா?"

"ஆமாடி. அது சோதனைக்கு..."

"அது நான் எழுதினது." இளையவளின் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "அம்மாகிட்ட சொன்னேன், பொறுத்துப் போன்னாங்க. உங்ககிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு. அந்த ஒரு இடத்துலதான் சொன்னேன். அதையும் இல்லைன்னு போடாதீங்க."

கொழுந்தன் எழுந்தான். நாற்காலியை மேசைக்குள் ஒழுங்காகத் தள்ளி வைத்தான். மூத்தவள் இளையவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். ஓடினால் துரத்துவான் என்று ஓடாமல் ஏறினாள். உள்ளே போய் மேல் தாழ், கீழ்த் தாழ் இரண்டையும் போட்டாள். இளையவள் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

படியில் காலடி ஏறி வந்தது. விரலால் மெல்லத் தட்டினான்.

"அண்ணி, கதவைத் திறங்க. குடும்பத்துக்குள்ள பேசித் தீர்த்துக்கலாம்."

மூத்தவள் அவசர எண்ணை அழுத்தினாள். விலாசம் சொல்லும்போது நாக்கு குழறியது. மறுமுனையில் இருந்த பெண் நிதானமாகக் கேட்டாள்.

"அவர் அடிக்கிறதை நீங்க பார்த்திருக்கீங்களா?"

"இல்லை."

"அவங்க இதுக்கு முன்னாடி எங்கயாவது புகார் கொடுத்திருக்காங்களா? எழுத்துல ஏதாவது?"

எழுத்தில் இருந்தது. அது பொய் என்று அவளே கையெழுத்துப் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டாள்.

தட்டல் இப்போது முஷ்டியால் விழுந்தது. இளையவளின் தோள் ஒவ்வொரு தட்டலுக்கும் அதிர்ந்தது. கதவிலிருந்து நகரவில்லை, மூத்தவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கு," என்றாள் மூத்தவள். "எழுதிக் கொடுத்திருக்கா. நான்தான் பயந்துபோய் அதைப் பொய்னு எழுதிட்டேன். நான் எழுதினதுதான் பொய், அவ சொன்னது நிஜம். இதைப் பதிவு பண்ணிக்குங்க. சீக்கிரம் வாங்கம்மா, கதவு தாங்காது."

"லைன்லயே இருங்க. வண்டி கிளம்பிருச்சு," என்றாள் அந்தப் பெண்.

மூத்தவள் போனைத் தரையில் வைத்துவிட்டு, இளையவளின் பக்கத்தில் போய், தன் முதுகையும் அந்தக் கதவில் வைத்து அழுத்திக்கொண்டாள்.