ஜங்காரில் ஒரு தார்ப்பாய்

"கொள்ளாம்" என்றாள் தன்யா. சீட்டுகளைச் சேர்த்து அடுக்கி மேசை ஓரமாக வைத்துவிட்டு, "சாயா எடுக்கட்டே?" என்று கேட்டாள்.

அம்ருதாவின் முகம் விழுந்துவிட்டது. மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? மலையாளத்துக்காரி ஒருத்தி 'அடிபொளி' என்றால் பிடித்திருக்கிறது. 'கொள்ளாம்' என்றால் வெறும் மரியாதை.

மசாலா பாக்கெட்டுகளுக்குப் படம் வரைவது அம்ருதாவின் வேலை. மிஞ்சின நேரத்தில் அவள் ஒரு சீட்டு விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தாள். பெயர் 'ஜங்கார்'. ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவே வண்டிகளை ஏற்றிக்கொண்டு போகுமே, அந்தப் படகு. சீட்டுகளில் சைக்கிள், பைக், ஆட்டோ, கார், மீன் லாரி என்று வண்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை. ஆளுக்கொரு சீட்டாகப் படகில் ஏற்ற வேண்டும். மொத்த எடை இருபதைத் தாண்டக் கூடாது. அதற்குள் அடங்கும் சீட்டு யாரிடமும் இல்லை என்றால் படகு கிளம்பும். காலிப் படகு வரும். கையில் முதலில் சீட்டு தீர்ந்தவர் ஜெயித்தவர்.

படங்களை எல்லோரும் மெச்சினார்கள். விளையாடினால்தான் கொட்டாவி வந்தது.

யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில் தன்யா நடத்தும் சாயாக்கடை ஞாயிறு மதியங்களில் ஓய்ந்திருக்கும். அங்கேதான் சோதனை ஆட்டம். அம்ருதா, அவள் கணவன் சிவசங்கரன், தன்யா, பிறகு இசக்கிசெல்வி. சங்கரன்கோவிலிலிருந்து வந்து ஹோட்டல் ஒன்றில் வரவேற்பில் வேலை பார்க்கும் செல்வி, அம்ருதாவின் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருந்தாள். எதையும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டாள்.

ஆட்டத்தில் சுவை கூட்ட வேண்டும் என்று அம்ருதா புதுச் சீட்டுகளைச் சேர்த்தாள். மழைச் சீட்டு வந்தால் ஒரு சுற்று காத்திருக்க வேண்டும். போலீஸ் சீட்டு வந்தால் ஒரு வண்டியை இறக்க வேண்டும். ஹர்த்தால் சீட்டு வந்தால் எதுவுமே ஓடாது. அடுத்த ஞாயிறு எல்லோரும் விதித்தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தபடி ஆடினார்கள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீய" என்றாள் செல்வி. "இது வெளாட்டு மாதிரியே இல்ல. கணக்குப் பரீட்சை எழுதுத மாதிரி இருக்கு."

"இந்த ஆட்டத்தை முடிச்சுட்டு விட்டுடலாம்" என்றாள் அம்ருதா. இந்த ஒன்றை மட்டும்தானா, எல்லாவற்றையுமா என்று அவளுக்கே தெரியவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. படகில் எடை பதினேழு. சிவசங்கரன் கையில் கடைசியாக ஒரே ஒரு சீட்டு. அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கவிழ்த்துப் படகில் வைத்தான்.

"என்னது அது?" என்றாள் அம்ருதா.

"சைக்கிள்."

"என்னத்துக்குக் கவுத்து வெச்சிருக்கே?"

"மழை பெய்யறதே. நனையாம இருக்கத் தார்ப்பாய் போட்டிருக்கேன்."

ஒருவரும் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் சொன்னவன் சிவசங்கரன். ஆடிட்டர். சொந்தக் கல்யாணத்தில் சாம்பார் எப்படி என்று ஆசையோடு கேட்ட மாமனாரிடமே 'புளி ஜாஸ்தி' என்று சொன்னவன். சைக்கிளுக்கு ஒன்று, பதினெட்டு ஆயிற்று. கை காலி. அவன்தான் ஜெயித்தான்.

சீட்டுகளை வாரும்போது செல்வி அதைத் திருப்பினாள். எட்டு எடையுள்ள மீன் லாரி.

"சார்! நீங்களா!" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவில் குடை பிடித்துப் போன வெளிநாட்டுக்காரர் இருவர் நின்று எட்டிப் பார்த்தார்கள். தன்யா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். சிவசங்கரனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

"கவுத்து வெக்கப்படாதுன்னு விதில எங்கயும் எழுதலையே" என்றான்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் ஒரு பொய் சொல்லி அம்ருதா கேட்டதில்லை. அதுவும் இவ்வளவு அழகாக, கண்கூடச் சிமிட்டாமல். கண்ணில் நீர் வரச் சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"இன்னொரு ஆட்டம். இப்போ எல்லாரும் கவுத்து வெக்கலாம். வாயால ஒரு வண்டி பேர் சொல்லணும். சந்தேகம் வந்தா யார் வேணாலும் 'தூக்கு'ன்னு சொல்லலாம். பொய்யா இருந்தா வெச்சவா படகையே கையில வாரிக்கணும். நெஜமா இருந்தா சந்தேகப்பட்டவா வாரிக்கணும்."

அமர்க்களம்தான். செல்வி வைத்தால் தன்யா தூக்கினாள், தன்யா வைத்தால் செல்வி தூக்கினாள். ஒரு படகுகூடக் கரையை விட்டு நகரவில்லை. சாயா ஆறிப்போயிற்று. ஆட்டம் முடியவே இல்லை. ஆனால் யாரும் எழுந்து போகவும் இல்லை.

அந்த வாரம் அம்ருதாவுக்கு வேறு நினைப்பே இல்லை. ஆளுக்கு இரண்டு முறைதான் சந்தேகப்படலாம் என்று வைத்துப் பார்த்தாள். சந்தேகத்துக்கு அபராதம் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு விதியும் இன்னொரு விதியைக் கேட்டது. ஒரு காலை, மிளகு ரசப் பொடிக்கு வரைந்த படத்தில் கூட்டம் அதிகமாகிவிட்டது என்று ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தபோது, அவள் கை நின்றது. சேர்த்துக்கொண்டேதானே போகிறோம்?

மழையை எடுத்தாள். போலீஸை எடுத்தாள். ஹர்த்தாலை எடுக்க மனம் வரவில்லை. நடுரோட்டில் நாய் நிம்மதியாகத் தூங்கும் அந்தப் படம்தான் அவள் வரைந்ததிலேயே நன்றாக வந்தது. அதையும் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். பிறகு நீல நிறத்தில் தார்ப்பாய்ச் சீட்டு ஒன்றே ஒன்று வரைந்தாள். ஒரு படகுக்கு ஒரு தார்ப்பாய். முந்தி எடுத்துக்கொண்டவர் வாயால் பேர் மட்டும் சொல்லி ஒரு வண்டியை மூடலாம். மற்றதெல்லாம் திறந்தபடி. படகு கிளம்பும் நேரத்தில் மட்டும் 'தூக்கு' சொல்லலாம். எடை இருபதைத் தாண்டியிருந்தால் மூடினவர் வார வேண்டும், இல்லாவிட்டால் சொன்னவர்.

ஞாயிற்றுக்கிழமை முதல் படகிலேயே மேசையில் பேச்சு மாறிவிட்டது.

"அது பைக்குதான். எங்க அம்மா மேல சத்தியமா பைக்கு" என்றாள் செல்வி.

"அம்மையை விடு. என் கண்ணு நோக்கிப் பற" என்றாள் தன்யா.

செல்வி அவள் கண்ணைப் பார்த்துச் சொல்ல வாயெடுத்தாள். உதடு துடித்தது. அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். "தூக்கு!" என்று மூன்று பேரும் கத்தினார்கள். உள்ளே இருந்தது நிஜமாகவே பைக். மூன்று பேரும் படகைப் பங்கு போட்டு வாரிக்கொள்ள வேண்டியதாயிற்று.

"அடிபொளி!" என்றாள் தன்யா, கை நிறையச் சீட்டோடு.

இடப்பள்ளியில் சனிக்கிழமை தோறும் விளையாட்டுப் பிரியர்கள் கூடும் இடம் ஒன்று இருந்தது. அம்ருதா அங்கே பெட்டியோடு போனாள். காலேஜ் பெண்கள் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். விதியைச் சொல்லிவிட்டு அவள் சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

முதல் படகு அமைதியாகப் போயிற்று. இரண்டாவதில் ஒருத்தி தார்ப்பாயை எடுத்தாள். மற்ற மூவரும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு இவர்கள் பின்னால் வந்து நின்றார்கள். ஆட்டம் முடிந்தது, கேட்காமலே மறுபடி சீட்டுப் போட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வரச்சொல்லி யாரோ கூப்பிட்டதற்கு ஒருத்தி திரும்பாமலே கையை ஆட்டினாள்.

"சேச்சி, இது எங்க கிட்டும்?" என்று கடைசியில் கேட்டார்கள்.

"எங்கயும் கிடைக்காது. இந்த ஒரு செட்டுதான் இருக்கு. கையால பண்ணினது."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி பஃப்ஸ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். இன்னொருத்தி பேனாவைத் திறந்தாள். சதுரம் சதுரமாக வெட்டி, சைக்கிள், ஆட்டோ என்று எழுத ஆரம்பித்தார்கள். எழுதினால் போதாது, படம் வேண்டும் என்றாள் மூன்றாமவள். அவள் வரைந்த லாரி யானை மாதிரி இருந்தது.

"தள்ளிக்கோ மோளே" என்று அம்ருதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எண்ணெய் படிந்த அட்டையில் மீன் லாரியை வரையத் தொடங்கினாள்.