கரண்ட் மருமகளின் கணக்கு

தெருவில் அவளுக்குப் பெயர் கரண்ட் மருமகள். மின் விநியோக ஆபீசில் இன்ஜினியர். ஆனால் அவள் குடியிருக்கும் தெருவிலேயே சாயங்காலமானால் டியூப்லைட் கண் சிமிட்டும், ஃபேன் ஏனோதானோவென்று சுற்றும். இதைவிட மானக்கேடு உண்டா?

தெரு டிரான்ஸ்பார்மரிலிருந்து மூன்று லைன் கிளம்புகிறது. ஒன்றில் வீடுகள் முண்டியடிக்க, மற்ற இரண்டும் ஹாயாக இருந்தன. ஒரு மாசம் மீட்டர் வைத்து அளந்து, கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, வீடுகளை மூன்றுக்கும் சரியாகப் பிரித்துவிட்டாள்.

"இன்னிக்குப் பாப்போம். ஃப்யூஸ் போச்சுன்னா எல்லாம் பழையபடிதான். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்றார் மேலதிகாரி. கறார் பேர்வழி.

சாயங்காலம் இருவரும் டிரான்ஸ்பார்மரடியில் நின்றார்கள். விளக்குகள் பளிச்சென்று எரிய, தெருவே கை தட்டியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கொஞ்ச நேரம்தான். மேலே டப், டப், டப்! மூன்று ஃப்யூஸும் போய்த் தெரு இருட்டில் மூழ்கியது.

மாமியாருக்குப் போன் போட்டாள். "அத்தை, என்னத்தைப் போட்டீங்க?"

"எல்லாத்தையும்தான்! மோட்டார், இஸ்திரிப் பெட்டி, வாஷிங் மெஷின். தெரு பூரா போட்டுச்சு."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வருஷக்கணக்காக அந்தத் தெருவில் மாமியார் ராஜ்யம். 'நான் மோட்டார் போடறேன், நீங்க இஸ்திரிய நிறுத்துங்க' என்று வீடு வீடாகப் போன் செய்து முறை வைப்பார். அவளும் முறைப்படிதான் புடவை தேய்ப்பாள். பழகிப்போனதால் கணக்கில் சேர்க்கத் தோன்றவில்லை. மக்கு, மக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"அத்தை, இன்னிக்கு மட்டும் பழையபடி முறை வைங்களேன். என் மானத்தைக் காப்பாத்துங்க."

"மாட்டேன். நல்ல வெளிச்சத்தைப் பாத்து ஆசையாப் போட்டாங்க. அதுல என்ன தப்பு? உன் கணக்க மாத்து!" மாமியாரின் குரல் போனைத் தாண்டி மேலதிகாரி காதிலும் விழுந்தது.

"பழையபடி மாத்திடலாமா?" என்றார் அவர்.

"வேண்டாம் சார். தப்பு என்னோடது. இவங்க அடக்கி வாசிச்சதை அளந்துட்டு, இவ்வளவுதான் தேவைன்னு நெனச்சுட்டேன். பக்கத்து டிரான்ஸ்பார்மர்ல வெறும் ஆபீசுங்கதான். சாயங்காலம் சும்மா கெடக்கு. கடைசி வீடுகளை அதுல சேத்துடலாம். இன்னும் ஒரே ஒரு நாள் குடுங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "உங்க மாமியாரை எதிர்த்து நிக்க என்னால ஆகாதும்மா. நாளைக்கு ஒரு நாள், அவ்வளவுதான்."

ராத்திரி ஃப்யூஸை மாற்றிப் போட்டு, மறுநாள் பகலில் லைனை மாற்றினார்கள். சாயங்காலம் அதே இடத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். விளக்குகள் எரிந்தன. எரிந்துகொண்டே இருந்தன. இருட்டிய பிறகும் ஃப்யூஸ் போகவில்லை. மேலதிகாரி வாய்விட்டே சிரித்துவிட்டார்.

போன் அடித்தது. மாமியார். பின்னால் ஒரே இரைச்சல்.

"என்ன அத்தை சத்தம்?"

"வாஷிங் மெஷின் ஓடுது."

"காலைலதானே எல்லாத்தையும் தோச்சு முடிச்சோம்?"

"உள்ள துணி எதுவும் இல்ல. யாரையும் கேக்காம ஒரு சுவிட்ச்சைப் போட்டு எத்தனை வருஷமாச்சு! கொஞ்ச நேரம் ஓடட்டும்டி."