கைப்பிடி எந்தப் பக்கம்?

அந்த நாடா ஒரே ஒரு தடவைதான் ஓடும் என்பது டேப்பம்மாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அப்படிச் செய்தாள் பாருங்கள், அதைத்தான் சொல்ல வந்தேன்.

தொலைக்காட்சி நிலையத்தின் கீழ்த்தளத்தில் பழைய ஒளிநாடாக்களைத் துடைத்துக் காயவைத்துக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. இருபது வருடமாக அதே அறை, அதே சாம்பல் நிறக் கோட்டு. மேல்மாடிக்காரர்களுக்கு அவள் பெயரே மறந்துபோய் டேப்பம்மா என்றே ஆகிவிட்டது. இயந்திரங்களோடு மணிக்கணக்கில் பேசுவாள். நாலு மனிதர்கள் முன்னால் நிறுத்தினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

போன மாதம் அலமாரி ஒன்றை நகர்த்தியபோது பின்னால் ஒரு பெட்டி கிடைத்தது. மேலே 'தோட்டப் பராமரிப்பு' என்று எழுதி அடித்திருந்தது. அடியில் பென்சிலில், 'அந்தரக் கப்பல் 13'. டேப்பம்மா பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நீளமான நடைவழியில் ஓடினாள். எங்கே ஓடுகிறோம் என்று அவளுக்கே தெரியாது. நாற்பத்தாறு வயதில் சும்மா ஓடினாள்.

'அந்தரக் கப்பல்' பார்க்காத பாவிகளுக்காக ஒரு வார்த்தை. முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் வாரம் ஒரு பாகமாக வந்த விண்வெளித் தொடர் அது. கப்பல் என்பது ஃபிளாஸ்க் மூடி. அதைத் தொங்கவிட்ட நூல் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். தலைக்கவசம் காய்கறி வடிகட்டி. வேற்றுக்கிரகத்து மலை ஒன்று ஒருமுறை யாரோ தும்மியதில் சாய்ந்துவிட்டது. நடிகர்கள் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு வசனத்தைத் தொடர்ந்தார்கள். சிரிக்காதீர்கள். சிரித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள்தான் பத்தாவது நிமிடம் நகத்தைக் கடித்துத் துப்பினார்கள்.

கதை அப்படி. வானத்தின் ஒரு மூலையிலிருந்து "யாராவது இருக்கீங்களா?" என்று ஒரு குரல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். கப்பல் தலைவி அதைத் தேடிப் பன்னிரண்டு வாரம் போனாள். பதின்மூன்றாம் வாரம் எரிபொருள் ஒரு வழிக்குத்தான் மிச்சம். கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் வீடு. வலப்பக்கம் தள்ளினால் கூப்பிட்ட குரல். தலைவி கைப்பிடியைப் பிடித்தாள். அந்த நொடி பார்த்து, அவசரச் செய்தி என்று படத்தை வெட்டிவிட்டார்கள். அந்தச் செய்தி என்ன என்பது இன்றைக்கு ஒருத்தருக்கும் நினைவில்லை. கைப்பிடியை மட்டும் ஒருத்தரும் மறக்கவில்லை.

அதன்பிறகு அந்தப் பாகத்தை ஒளிபரப்பவே இல்லை. நாடாவை அழித்து வேறு நிகழ்ச்சி பதிந்துவிட்டதாகச் சொன்னார்கள். நடித்தவர்களும் எடுத்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். எழுதியவர் கேட்ட ஆளுக்கு ஒரு பதில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். மிச்சம் இருந்தது சண்டைதான். வீட்டுக்குத் திரும்பினாள் என்று ஒரு கட்சி, குரலைத் தேடிப் போனாள் என்று ஒரு கட்சி. டேப்பம்மா போகிற கட்சி. பேருந்து ஓட்டும் அவள் அண்ணன் வீட்டுக் கட்சி. அந்தத் தொடர் வந்தபோது பிறக்காத பிள்ளைகள்கூட இன்றைக்கு ஏதாவது ஒரு கட்சியில் இருக்கிறார்கள். தலையில் வடிகட்டி மாட்டிக்கொண்டு கூட்டம் போடுகிறார்கள்.

நாடா கிடைத்த செய்தி வெளியே கசிந்ததும் நிலையமே ஆடிப்போனது. நிகழ்ச்சி அதிகாரி நானூறு இருக்கை உள்ள அரங்கைப் பிடித்தார். சனிக்கிழமை காலை பதினோரு மணிக் காட்சி. சீட்டுகள் அரை மணி நேரத்தில் காலி.

நாடாவின் நிலைமைதான் மோசம். மேல்பூச்சு பிசுபிசுத்துப் போயிருந்தது. அப்படிப்பட்டதை மிதமான சூட்டில் எட்டு மணி நேரம் அடுப்பில் வைத்தால் ஒரு தடவை ஓடும். அதற்குள் பதிவு செய்துவிட வேண்டும். பிறகு பூச்சு உரிந்து வந்துவிடும். அவள் அறையில் சத்தத்துக்கு ஒரு பதிவுக்கருவி, படத்துக்கு இன்னொன்று. முதலில் சத்தக் கருவியை ஓடவிட்டு, படம் ஆடாமல் நின்றதும் படக் கருவியின் சிவப்புப் பொத்தானை அழுத்துவது அவள் வழக்கம். ஆயிரம் தடவை செய்த வேலை.

வியாழக்கிழமை மதியம் கதவைச் சாத்தினாள். சத்தக் கருவியை ஓடவிட்டாள். நாடாவைச் சுழலவிட்டாள். படம் இரண்டு குலுக்குக் குலுங்கி நின்றது. தொடக்க இசை வந்தது. ஃபிளாஸ்க் மூடி நூலில் ஆடியபடி வந்தது. டேப்பம்மாவின் இரண்டு கைகளும் தாமாக மடிக்கு வந்துவிட்டன. பதினாலு வயதில் அண்ணனோடு தரையில் உட்கார்ந்து பார்த்த அதே உட்காரல். மூச்சுவிடக்கூட மறந்து பார்த்தாள். அவசரச் செய்தி வெட்டிய இடம் வந்தது, தாண்டியது. கைப்பிடிக்கு என்ன ஆனது என்பதை உயிரோடு இருப்பவர்களில் அவள் ஒருத்திதான் பார்த்தாள். துள்ளி எழுந்து கைதட்டினாள்.

கைதட்டிக்கொண்டே திரும்பினாள். சிவப்பு விளக்கு எரியவில்லை. பொத்தானை அவள் அழுத்தவே இல்லை.

நாடாவைத் திருப்பிச் சுற்றி மறுபடி ஓட்டினாள். திரையில் வெறும் புள்ளிகள். சத்தம் மட்டும் பத்திரமாக ஏறியிருந்தது. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒளிக்காமல், மறைக்காமல் மேல்மாடிக்குப் போய்ச் சொன்னாள்.

"படமே இல்லையா? என்னம்மா சொல்றீங்க?" நிகழ்ச்சி அதிகாரி நாற்காலியிலேயே சரிந்தார்.

"பாத்துட்டே இருந்துட்டேங்க. அழுத்த மறந்துட்டேன்."

அவர் திட்டவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் வலித்தது. அவரும் ஏதோ ஒரு கட்சிதான் போலிருக்கிறது. தலையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "கம்ப்யூட்டர்ல புதுசா செஞ்சிடலாம். நூல் கீல் எதுவும் தெரியாது. நெஜக் கப்பல் மாதிரியே பறக்கும்."

டேப்பம்மாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "நெஜம் மாதிரி வேணும்னா அவங்க ஏங்க இத்தன வருஷம் காத்துக் கெடக்கணும்? நெஜமாத் தெரியறதுதான் இப்ப தெருவுக்குத் தெரு ஓடுதே! சத்தம் இருக்கு. நான் பாத்திருக்கேன். நானே செஞ்சு காட்டறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது.

சனிக்கிழமை. அரங்கில் எள் போட்டால் எள் விழாது. நானூறு இருக்கைக்கு ஐந்நூறு பேர். அண்ணன் சீருடையோடே வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நிகழ்ச்சி அதிகாரி நடந்ததை மேடையில் சொன்னதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. பின்வரிசையில் யாரோ விம்மினார்கள். திரைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் டேப்பம்மா.

அவசரச் செய்தி வரைக்கும் யாரோ வீட்டில் பதிவு செய்து வைத்திருந்ததைத் திரையில் ஓட்டினார்கள். தலைவியின் கை கைப்பிடிக்குப் போனது. திரை இருண்டது. சத்தம் மட்டும் தொடர்ந்தது. விளக்கு டேப்பம்மா மேல் விழுந்தது.

"யாராவது இருக்கீங்களா?" அந்தக் குரல். ஐந்நூறு பேரும் மூச்சைப் பிடித்தார்கள்.

டேப்பம்மா கையை நீட்டி, இல்லாத கைப்பிடியைப் பிடித்தாள். இடப்பக்கம் கொஞ்சம் தள்ளினாள். அண்ணன் எழுந்தே விட்டார். நிறுத்தி, வலப்பக்கம் தள்ளினாள். பாதி அரங்கு எழுந்தது. ஒலிபெருக்கியில் 'படக்' என்று ஒரு சத்தம். அவள் கையை முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தாள். விரல்களுக்கு நடுவில் இருப்பதைப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கைப்பிடி கையோடு வந்துவிட்டது!

அட்டைக் கைப்பிடிதானே, படப்பிடிப்பில் ஒடிந்துவிட்டது. மறுபடி எடுக்க நேரமில்லையோ என்னவோ, அப்படியே விட்டுவிட்டார்கள். அரங்குக்கு அது புரிய ஒரு நொடி ஆனது. அந்த நொடியில் ஒலிபெருக்கியில் தலைவி சிரித்தாள். முப்பத்திரண்டு வருடம் பெட்டிக்குள் கிடந்த சிரிப்பு அது. கலகலவென்று, அடக்க முடியாமல். டேப்பம்மாவும் சிரித்தாள். அவளுக்கு நடிக்க வேண்டியே இருக்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் தலைவியின் குரல் கப்பலிடம் சொன்னது: "சரி விடு. நீ எங்க போறியோ, நானும் அங்கதான்."

டேப்பம்மா கைப்பிடியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினாள். முடிவு இசை வந்தது.

கூரை பிய்த்துக்கொண்டு போகாததுதான் பாக்கி. வடிகட்டிகள் மேலே பறந்தன. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "மொதல்ல எடப்பக்கம்தான தள்ளுனா? வீட்டுக்குப் போகத்தான் நெனச்சா!" என்று அண்ணன் கத்தினார். "ஒடஞ்சது வலப்பக்கத்துல!" என்று பத்துப் பேர் அவர் மேல் பாய்ந்தார்கள். சண்டை தீரும் என்று நினைத்தால், இன்னொரு முப்பது வருடத்துக்குப் பட்டா போட்டாயிற்று. நிகழ்ச்சி அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று விசிலடித்துக்கொண்டிருந்தார்.

"மறுபடியும்! மறுபடியும்!" என்று அரங்கு ஒரே குரலில் கேட்டது.

டேப்பம்மா எழுந்து முன்னால் வந்தாள். ஐந்நூறு முகங்கள். நாக்கு ஒட்டவில்லை.

"செய்யறேன். ஆனா இந்தத் தடவையாவது யாராச்சும் பதிவு பண்ணுங்கப்பா. நான் மறந்துடுவேன்."

ஐந்நூறு கைபேசிகள் உயர்ந்தன. இன்றைக்கு நீங்கள் 'அந்தரக் கப்பல்' கடைசிக் காட்சியைத் தேடினால் அதுதான் கிடைக்கும். சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒரு அம்மா, வெறுங்கையைப் பார்த்துத் தலைவியின் குரலில் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அவள் விரல்களில் கைப்பிடி தெரியவில்லை என்று இதுவரை ஒருத்தரும் புகார் சொன்னதில்லை.