மருதாணி விரல்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதில் நடந்த தப்பில் பாதியை என் கோபம் செய்தது. மீதிப் பாதியை நானே செய்தேன்.

கந்தர்வக்கோட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம் போனால் எங்கள் பள்ளி. ஊர்க் கமிட்டி நடத்தும் சின்ன நர்சரி பிரைமரி. அதில் யு.கே.ஜி. டீச்சர் நான்தான், பெயர் ஷர்லி. என்னிடம் இருபத்திரண்டு பிள்ளைகள். அவர்களை ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார வைக்க யாராலாவது முடியும் என்றால் வரட்டும், நாற்காலியை விட்டு எழுந்துகொள்கிறேன்.

ஜூனிலிருந்து டிசம்பர் வரைக்கும் எங்கள் வகுப்பில் எல்லாம் கைவேலைதான். புளியங்கொட்டை, சோளம், மொச்சை, பாட்டில் மூடி, களிமண். பிரிப்பது, எண்ணுவது, அடுக்குவது, உருட்டுவது. கலந்து வைத்த விதைகளை வகைவகையாகப் பிரிக்கச் சொன்னால் இளமதி என்கிற பெண்தான் முதலில் முடிப்பாள். மற்றவர்கள் தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு சண்டை பிடித்துக்கொண்டிருக்கும்போதே அவள் முடித்துவிட்டு, பூச்சி அரித்த மொச்சையை மட்டும் தனியாக ஓரத்தில் ஒதுக்கி வைத்திருப்பாள். அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. பேச்சு மட்டும் குறைவு. 'கை நல்ல வேகம்' என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கையைப் பிறகு நானே மறந்துபோனேன்.

பொங்கல் முடிந்ததும் டேப் வந்தது, தொடுதிரை டேப்லெட். துபாய், சிங்கப்பூர் என்று போயிருக்கிற ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து ஆறு டேப் வாங்கி அனுப்பியிருந்தார்கள். ஹெச்.எம். ஆண்டியப்பன் சார் ஆறையும் ஆறு துண்டில் சுற்றி பீரோவில் வைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டு அதன்மேல் ஊக்கும் குத்திக்கொண்டார். விதை டப்பாவைத் தூக்கி பீரோ மேல் வைத்தது நான்தான். அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

டேப்பில் பரீட்சை வைப்பதற்காகப் புதுக்கோட்டையில் இரண்டு நாள் பயிற்சிக்கும் போய்வந்தேன். அங்கே பாடம் எடுத்தவர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "பிள்ளை தொடும்போது நீங்க கை வைக்காதீங்க. அது விரலைப் பிடிச்சு நீங்க தொட வச்சா, அது உங்க மார்க். பிள்ளையோட மார்க் இல்லை." நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். பரீட்சை நடக்கும்போது பிள்ளைகள் பக்கமே போகமாட்டேன். மேஜையில் உட்கார்ந்து மார்க் வருவதைப் பார்ப்பதோடு சரி.

பரீட்சை சுலபமானதுதான். திரையில் ஒரு வாத்து வந்து, "யானை எது? தொடு" என்று கேட்கும். சரியான படத்தைத் தொட்டால் மணி அடித்து நட்சத்திரம் வரும். கொஞ்ச நேரத்துக்குள் தொடாவிட்டால், "பரவாயில்லை, அடுத்தது பார்ப்போம்" என்று வாத்து அடுத்த கேள்விக்குப் போய்விடும். மொத்தம் இருபது கேள்வி.

முதல் பரீட்சையில் இளமதி பூஜ்யம். இரண்டாவதில் ஒன்று. சாக்பீஸ் தின்னும் கவியரசன், பூனையைக் காட்டினால் இன்னமும் நாய் என்று சொல்கிற கவியரசன், அவனே பன்னிரண்டு வாங்கிவிட்டான்.

எனக்குக் கோபம் வந்தது. அதிலும் அவள் விரல்களைப் பார்த்தால் இன்னும் வந்தது. பத்து விரல் நுனியிலும் எந்நேரமும் மருதாணி. ஒன்று வெளுக்கும் முன்னால் அடுத்தது ஏறியிருக்கும். செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

"மருதாணி வைக்க நேரம் இருக்கு, படிக்க நேரம் இல்லையாடி?" என்று ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் கையை மூடியே வைத்திருந்தாள்.

டேப் அவள் முறைக்கு வரும்போது ஒரு தரம் தொடுவாள். உடனே என்னை நிமிர்ந்து பார்ப்பாள்.

"என்னைய என்ன பாக்குற? டேப்பைப் பாரு."

திரும்பத் தொடுவாள். ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். "உடைச்சுப்புடாத!" என்று கத்தினேன். அதோடு அவள் தொடுவதையே விட்டுவிட்டாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். வாத்தும் இருபது தடவை பரவாயில்லை சொல்லிவிட்டுப் போகும். மூன்றாவது பரீட்சையும் பூஜ்யம்.

மூன்று தடவை ஐந்துக்குக் கீழே வாங்கினால் அந்தப் பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குப் போகாது, யு.கே.ஜி.யிலேயே இன்னொரு வருஷம். இது எங்கள் பள்ளியில் நாங்களாக வைத்துக்கொண்ட விதி. நான்தான் கேட்டு வாங்கினேன். ஆண்டியப்பன் சாருக்கோ வேறு அவசரம். "டேப் வாங்கிக் குடுத்த பசங்கள்ல சந்தோஷ்குமார் வெள்ளிக்கிழமை துபாய்லேருந்து போன்ல பேசுறேன்னுருக்கான். மார்க் லிஸ்டை முடிச்சுருங்க டீச்சர்" என்றார்.

படிவத்தை டேப்பிலேயே நிரப்பினேன். இளமதி. கவனம் இல்லை. புரிந்துகொள்ளும் திறன் குறைவு. அதே வகுப்பில் தொடரப் பரிந்துரைக்கப்படுகிறது. பெற்றோர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் அம்மா அமுதவல்லி வந்தாள். பிள்ளைகளைச் சாப்பாட்டுக்குப் பிறகு பாயில் படுக்கப் போட்டிருந்த நேரம். வேலையிலிருந்து எழுந்து அப்படியே வந்திருந்தாள். சேலை முழுக்கச் சாம்பல்.

நான் விஷயத்தைச் சொன்னேன். நின்றுகொண்டே கேட்டாள்.

"இன்னொரு வருஷம் இருந்தா நல்லாப் படிச்சிருவாளா டீச்சர்?"

"படிச்சிருவா."

"வீட்டுல எல்லாம் கரெக்டாத்தான் சொல்றா டீச்சர். கடைக்குப் போனாக்கூட எழுத்துக் கூட்டிப் படிக்கிறா..."

"எல்லா அம்மாவும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றேன். இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

டேப்பை நீட்டி, கட்டத்துக்குள் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னேன். அமுதவல்லி முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு ஆள்காட்டி விரலால் எழுதினாள். கட்டம் காலியாகவே இருந்தது.

"அழுத்தாதீங்க. லேசா."

லேசாக எழுதினாள். ஒன்றும் விழவில்லை. டேப்தான் மக்கர் செய்கிறதோ என்று நான் இழுத்துப் பார்த்தேன். என் விரலுக்குக் கோடு பளிச்சென்று விழுந்தது. அதை அழித்துவிட்டு மறுபடி அவளிடம் கொடுத்தேன். அவள் 'அ' போட்டாள். கட்டத்தில் ஒரு புள்ளிகூட வரவில்லை.

அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. சிரித்துச் சமாளித்தாள். "என் விரல் எதுலயும் விழாதுங்க டீச்சர். ரேசன் கடை மெஷினும் எடுக்காது, கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்கிட்டு வாரேன். முந்திரிக்கொட்டை உடைக்கிறோம்ல. என்னதான் சாம்பலைத் தொட்டுக்கிட்டு உடைச்சாலும் அந்த ஓட்டு எண்ணெய் பட்டுப் பட்டுத் தோலு செத்துப்போயிரும். எங்க தெருவுல எல்லாப் பொம்பளைக்கும் இப்படித்தான்."

அப்போதுதான் அந்த விரலைப் பார்த்தேன். நுனியில் ரேகையே இல்லை. தோல் உரிந்து, காய்ந்து, மறுபடி தடித்து, கறுத்துப் போயிருந்தது. அந்தக் கறுப்பின் மேல் மருதாணி.

"மருதாணி எதுக்கு?" என்றேன்.

"எரிச்சலுக்குக் குளிர்ச்சியா இருக்கும். கறுப்பும் வெளிய தெரியாது."

பிள்ளைகள் படுத்திருந்த பக்கம் திரும்பினேன்.

இளமதி ஜன்னலோரப் பாயில் படுத்திருந்தாள். கண்ணை மூடியிருந்தாளே தவிரத் தூங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிரித்தேன். விரலை ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க முடிந்தது. மருதாணிச் சிவப்புக்குக் கீழே அதே கறுப்பு. அதே செத்த தோல். ஐந்து வயசுக் கை அது.

அமுதவல்லி ஓடிவந்து என் பக்கத்தில் குந்தினாள். "எங்கயும் எழுதிப்புடாதீங்க டீச்சர். நான் அவளை வேலைக்கு வைக்கலைங்க. தையிலேருந்து மூட்டையை வீட்டுக்கே வாங்கியாந்து உடைக்கிறேன். அவங்கப்பா கோயமுத்தூர்ல கட்டட வேலையில இருக்காக, வீட்டுல நாங்க ரெண்டு பேருதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, நானும் செய்யுறேன் நானும் செய்யுறேன்னு ஓட்டைப் பிரிச்சுப் போடுறா. அடிச்சும் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்குறா. யாராச்சும் பாத்து எழுதிருவாகன்னுதான் அவளுக்கும் மருதாணி வச்சு விட்டேன்."

இந்தப் பக்கம் மூட்டை வந்ததும் அந்தப் பக்கம் டேப் வந்ததும் ஒரே மாதம். வழக்கம்போல எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் போடுவது என்று சுற்றிப் பார்த்தேன். மூன்று மாசமாக அந்தப் பிள்ளையின் கையைத் திட்டினேனே தவிர, ஒருநாள் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. கோபம் போக இடமில்லாமல் என்மேலேயே வந்து விழுந்தது.

டேப்பில் பரீட்சையைத் திறந்து அவள் மடியில் வைத்தேன். வாத்து வந்தது. "யானை எது? தொடு."

கை பின்னால் போய்விட்டது.

"தொடு பாப்பா."

"அது என்னைய விடாது மிஸ்" என்றாள் இளமதி. "எல்லாரையும் விடுது. என்னைய மட்டும் விடாது."

"மிஸ்ஸுக்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க டேப்பைப் பாருன்னு சொன்னீங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். என் ஆள்காட்டி விரலை அவளிடம் நீட்டினேன்.

"இந்தா. இதை வச்சுத் தொடு."

அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு பென்சிலைப் பிடிப்பதுபோல என் விரலைப் பிடித்தாள். அந்தத் தோல் என் விரலில் உரசியது, சொரசொரவென்று. என் கையை நான் தளர விட்டுவிட்டேன். அவள் இழுத்த இழுப்புக்குப் போனது.

யானை. மணி அடித்தது. அவள் திடுக்கிட்டு விரலை விட்டுவிட்டாள். மூன்று மாசமாக அந்த மணி அடுத்த பிள்ளைகளுக்குத்தானே அடித்துக்கொண்டிருந்தது. மெல்லத் திரும்பவும் பிடித்தாள்.

எது பெரியது. மணி. எது வட்டம். மணி. கூட்டத்தில் சேராதது எது. மணி. எந்தத் தட்டில் விதை அதிகம் என்று கேட்டபோது, நான் எண்ணி முடிப்பதற்குள் என் விரல் இடப்பக்கத் தட்டுக்குப் போய்விட்டது. தப்பு என்றுதான் நினைத்தேன். மணி அடித்தது. தப்பு என் கணக்கில்.

சத்தத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். "இளமதிக்கு ஸ்டாரு! இளமதிக்கு ஸ்டாரு!" என்று கவியரசன் குதித்தான். இருபதாவது மணி அடிக்கும்போது வாசலில் ஆண்டியப்பன் சார் நின்றிருந்தார்.

"என்ன டீச்சர், தொடும்போது கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கை என்னுது சார். பதில் அவளுது."

அவர் திரையைப் பார்த்தார், இளமதி கையைப் பார்த்தார். "அப்ப லிஸ்டுல இவளுக்கு என்ன போட?"

"இருபது போடுங்க. ஒண்ணாங் கிளாஸ் அட்டெண்டன்ஸ்லயும் பேரைப் போடுங்க."

தலையாட்டினார். அவர் முன்னாலேயே நான் அந்தப் படிவத்தை இடது கையால் அழித்தேன். வலது கை என்னிடம் இல்லை. இளமதி இன்னும் விரலை விடவில்லை.

அமுதவல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இளமதி அம்மா, இனிமே இவ கையில கொட்டை எண்ணெய் பட்டுச்சுன்னு தெரிஞ்சுது, உங்க வீட்டுலயே வந்து உக்காந்துருவேன்" என்று மிரட்டினேன்.

"வாங்க டீச்சர், உடைக்க ஒரு ஆளு கொறையுது" என்றாள் அழுகையோடு. அந்த அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எனக்கு அஞ்சு அம்பதுக்குத்தான் பஸ். அதுவரைக்கும் தினமும் இவ இங்கயே இருக்கட்டும். நீங்க வேலையை முடிச்சுட்டு, கையைக் கழுவிட்டு வந்து கூட்டிட்டுப் போங்க." சரி என்று தலையாட்டினாள். பீரோ மேலிருந்த விதை டப்பாவை இறக்கித் தரும்படி சாரிடம் சொன்னேன். அவர் நாற்காலி தேடிப் போனார்.

இளமதி என் விரலைத் திருப்பி வைத்து நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது தடவை வேலை செய்த விரல் அல்லவா. அதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் உதட்டைக் குவித்து ஊதினாள்.

"எரியுதா மிஸ்?"

"இல்லடா" என்றேன்.

அவள் நம்பவில்லை. இன்னொரு தரம் ஊதினாள்.